இரண்டரை நட்சத்திரத்தின் இரண்டாவது வாரம்

"விமர்சகர் வழங்கிய நட்சத்திரங்களை அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஆசிரியர் பிரிவு கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஐயம் எழுந்தால், பக்கம் அச்சுக்குப் போகும் முன் அவரைத் தொடர்புகொண்டு தெளிவு பெற வேண்டும்."

நான் திரைப்பட விமர்சனம் எழுதும் நாளிதழ் தன் விமர்சகர்களுக்கு அனுப்பிய நெறிமுறையில் இது ஆறாவது விதி. நல்ல விதி. சுருக்கமாக, இரண்டு பொருள் தராமல், வழக்கு மன்றத்தில் நிற்கும்படி எழுதியிருந்தார்கள். அதை முழுவதும் படித்தவன் நான் ஒருவன்தான் என்பது பின்னால் தெரியவந்தது. எழுதியவரே மறுபடி படித்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் சுங்க மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கப்பலில் வந்து இறங்கும் முந்திரிக்கொட்டை, தேக்குத் தடி, பழைய இரும்பு இவற்றின் தரம் என்ன, சொல்லப்பட்ட மதிப்பு சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேலை. ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாமல் நாளிதழுக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அவர்கள் செய்த பிழைகளைப் பற்றி. என் கடிதங்களை நிறுத்த வேறு வழி தெரியாமலோ என்னவோ, மதுரைப் பதிப்பிலிருந்து ஒருநாள் அழைத்து, "எங்க தூத்துக்குடி விமர்சகர் சென்னைக்குப் போயிட்டார், நீங்க எழுதறீங்களா சார்?" என்று கேட்டார்கள். மதிப்பிடுவதுதானே, முந்திரிக்கொட்டையானால் என்ன, சினிமாவானால் என்ன என்று ஒப்புக்கொண்டேன்.

இந்த ஊருக்கும் தரம் பிரிப்பதற்கும் பழைய உறவு உண்டு. முத்துக் குளித்த காலத்தில், வெவ்வேறு அளவுத் துளைகள் கொண்ட சல்லடைகளில் முத்துகளைச் சலித்துத்தான் விலை வைப்பார்கள். எந்தச் சல்லடையில் நின்றதோ அது அதன் தரம். முத்தின் அப்பா யார் என்று சல்லடை கேட்காது. நட்சத்திரமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் முதல் வெள்ளிக்கிழமை போனேன்.

ஐந்துக்கு எத்தனை என்பது கணக்கு. நடைமுறை வேறு. ஐந்து யாருக்கும் கிடையாது. அது அளவுகோல் நீளமாகத் தெரிவதற்காக வைத்திருப்பது. நாலு, வெளிநாட்டில் விருது வாங்கிவிட்டு வந்த படத்துக்கு. பெரிய நடிகரின் படத்துக்கு மூன்றுக்குக் கீழே போனால் இரவெல்லாம் அலுவலகத் தொலைபேசி ஒலிக்கும், ஆகவே மூன்று. ஒன்றும் ஒன்றரையும், யாரும் கேட்க நாதியில்லாத படத்துக்கு. இவை எதிலும் சேராத மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டரை. இரண்டரை போட்டால் தயாரிப்பாளருக்குக் கோபம் வராது, வாசகர் ஏமாந்ததாகச் சொல்ல மாட்டார், ஆசிரியர் ஏன் என்று கேட்க மாட்டார். எங்கள் இலாகாவில் முடிவெடுக்கப் பயந்தவர்கள் கோப்பில் 'பேசவும்' என்று எழுதி மேசை மாற்றுவார்கள். அந்தப் 'பேசவும்'தான் இந்த இரண்டரை.

நான் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொண்டேன். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, தணிக்கைச் சான்றிதழ் திரையில் வருவதற்கு முன் இருக்கையில் அமர்ந்து, கடைசிப் பெயர் மறையும்வரை எழுந்திருக்காமல் பார்ப்பேன். இடைவேளையிலேயே நட்சத்திரத்தை அனுப்பிவிட்டு வடை சாப்பிடப் போகிறவர்களும் உண்டு. நான் வீட்டுக்கு வந்து, காரணங்களையெல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே, நட்சத்திரத்தைப் போடுவேன். முதலில் பரிசோதனை, பிறகு காரணம், அதற்குப் பிறகு உத்தரவு. உத்தரவை மேலே எழுதிவிட்டுக் காரணத்தைக் கீழே தேடுவது எனக்குப் பழக்கமில்லை.

பக்கத்து நாற்காலியில் எப்போதும் என் மனைவி. அவளுக்கு நட்சத்திரமெல்லாம் கிடையாது. படம் முடிந்ததும் "பரவாயில்ல" என்பாள், அல்லது "எந்திரிங்க, சோறு வடிக்கணும்" என்பாள். இரண்டே தரம். எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் என்னோடு வந்து, பார்க்கக் கூடாத படங்களையெல்லாம் கடைசிப் பெயர்வரை பார்த்தவள். அந்த நன்றியை இதுவரை நேரில் சொன்னதில்லை. எழுத்தில் இருந்தால் ஆதாரம்.

சென்ற தை மாதம், பொங்கல் படங்கள் இறங்கி ஓய்ந்த பிறகு, ஒரு சின்னப் படம் வந்தது. தருவைகுளத்தில் எடுத்த படம். ஆழ்கடலுக்குப் போகும் ஒரு விசைப்படகு, ஓர் ஆளைக் கடலில் இழந்துவிட்டுக் கரைக்குத் திரும்புகிறது. இழந்தவனின் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்பதுதான் கதை. படகு டிரைவர் போக வேண்டும். அவர் அந்தத் தெருவைத் தவிர மற்ற எல்லாத் தெருவுக்கும் போகிறார். கடைசியில் கரையில் குவிந்து கிடக்கும் வலைமீது உட்கார்ந்து அழுகிறார். இசை கிடையாது. அலைச் சத்தமும் தூரத்தில் ஐஸ் உடைக்கும் சத்தமும் மட்டும். என் மனைவி படம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை, சோற்றைப் பற்றியும் பேசவில்லை.

நடித்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள். அதற்கு முந்தைய மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் கரையில் கட்டிக் கிடந்தபோது, வேலையில்லாமல் இருந்த ஆட்களை வைத்து எடுத்திருந்தார்கள். டிரைவராக நடித்தவர் நிஜத்திலும் படகு டிரைவர். அவர் மனைவி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள். பேருந்தில் வந்து இறங்கி, தலையில் பெட்டியோடு தெருமுனையில் குரல் கொடுத்தால் எங்கள் வீட்டுப் பூனை அவளை வரவேற்கப் போகும். அவளும் படத்தில் ஒரு காட்சியில் வருகிறாள், மீன் பெட்டியோடுதான்.

நான் நாலு போட்டேன். வெளிநாட்டு விருது எதுவும் வாங்காத படத்துக்கு நாலு. காரணங்களை ஒவ்வொன்றாக எழுதினேன். இரண்டாம் பாதியில் தேவையில்லாமல் ஒரு பாட்டு வருவதைச் சுட்டி, அதற்காக ஒன்றைக் கழித்து, கடைசி வரியில் "நட்சத்திரம்: நான்கு" என்று எழுதி மதுரைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை நாளிதழில் இரண்டரை இருந்தது.

நான் அதைப் பார்த்து முடிப்பதற்குள் வாசலில் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. மீன்காரி. அவள் கையிலும் நாளிதழ்.

"யக்கா, உங்க வீட்டு சார்வாள வெளிய வரச் சொல்லுங்க. எங்கள இப்பிடிக் கவுத்திட்டாவளே."

"ஏளா, என்னளா ஆச்சு?" என்றாள் என் மனைவி.

"பேப்பர்ல ரெண்டரை ஸ்டார் போட்டிருக்காவ. எங்க தெருவுல ஒருத்தி கேக்கா, உம் புருசன் அழுததுக்கு மதிப்பு ரெண்டரைதானான்னு. நான் சாளை விக்க வந்தவ, எனக்கு ஸ்டாரு தெரியுமா? ஆனா பாதிக்குப் பாதி மார்க்குன்னா பாஸா ஃபெயிலான்னு தெரியுமில்ல."

நான் வெளியே வந்து, நான் போட்டது நாலு என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எடை குறைகிறதென்று சொல்லும் வாடிக்கையாளர்களை அவள் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். அதே பார்வை.

"நாலு போட்டா ரெண்டரையா எப்பிடி சார் வரும்? கடலுல கூட அப்பிடி மீன் குறையாது."

பிறகு உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, விஷயத்தைச் சொன்னாள். படத்தைக் கிறிஸ்துமஸுக்கு வெளியிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்போது எல்லாப் படகும் கரையில். ஊரே சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. தியேட்டர் கிடைக்காமல் தேதி தள்ளிப் போனது, மறுபடியும் தள்ளிப் போனது. படம் தள்ளிப் போகும், கடல் தள்ளிப் போகாது. அவள் கணவரும் படத்தில் நடித்த படகுக்காரர்களும் மாலத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போய்விட்டார்கள். படம் வந்திருக்கிறது, நடித்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. அவர்கள் கரை திரும்ப அடுத்த வாரக் கடைசி ஆகும்.

"ஓடிடியில் வரும்மா, கைப்பேசியிலேயே பார்க்கலாம்" என்றேன்.

"கைப்பேசியில பாக்கதுக்கா அவிய நடிச்சாவ?" என்றாள். பிறகு, என்னிடம் இல்லை, என் மனைவியிடம் சொன்னாள்: "யக்கா, அவிய அம்மா செத்தப்போ அழல. அவிய தம்பி கடலுல போனப்போ அழல. கல்லு மாதிரி நின்னாவ. ஊருல கல்நெஞ்சுக்காரன்னே பேரு. படத்துல அந்த வலைமேல உக்காந்து அழுதாவல்ல, அது நடிப்பில்லக்கா. எனக்குத் தெரியும். நான் மொதக் காட்சிக்குப் போயிட்டுப் பாதியில வெளிய வந்துட்டேன். அவிய பக்கத்துல உக்காந்துதான் மீதியப் பாக்கணும். அவியளும் தன்னத் தானே ஒருதரம் பாக்கணும்."

அந்த ஒரு படம், அந்த ஒரு தியேட்டரில், இன்னும் ஒரு வாரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அவள் விமர்சனத்துக்காகச் சண்டைபோட வரவில்லை, நாட்களுக்காக வந்திருந்தாள்.

மதுரைக்கு அழைத்தேன். வெள்ளி இரவு பக்கத்தைப் பார்த்த உதவி ஆசிரியை பேசினார். பல வருடம் அனுபவமுள்ளவர். என் கடிதங்களைத் திருத்தாமல் போட்ட ஒரே ஆள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இரவு கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. இடம் குறைந்தது. இடம் குறைந்தால் கட்டுரையைக் கீழிருந்து வெட்டுவது நாளிதழ் வழக்கம். என் விமர்சனத்தையும் கீழிருந்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய வரிகளில் கடைசி வரியும் போனது. பக்கத்தை அமைக்கிறவர் நட்சத்திரத்தைத் தேடியிருக்கிறார், காணவில்லை. நட்சத்திரம் இல்லாத விமர்சனத்துக்கு அவர்கள் அலுவலகத்தில் என்ன போடுவார்களோ அதைப் போட்டுவிட்டார்.

"என்னை அழைத்துக் கேட்டிருக்கலாமே. ஆறாவது விதி இருக்கிறதே" என்றேன்.

"எந்த ஆறாவது விதி சார்?" என்றார்.

இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் நியாயம் வழங்கத் தயங்கவில்லை. "அவ்வளவு முக்கியமானத தலையில எழுதாம வால்ல எழுதினா நறுக்கத்தான் செய்வான். மீனே அப்பிடித்தான நறுக்குதோம்." நாற்பது வருடம் உத்தரவைக் கீழே எழுதியவன் என்ற முறையில் இதை நான் ஏற்கவில்லை. இன்றுவரை ஏற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நட்சத்திரத்தை மேலே எழுதுகிறேன்.

திருத்தம் வெளியிட முடியுமா என்று உதவி ஆசிரியையிடம் கேட்டேன். அச்சான நட்சத்திரத்தை மாற்றத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும், தன் கையில் இல்லை என்றார். சரியான பதில். அன்று மதியமே தலைமை ஆசிரியர் அலுவலகத்துக்கு முறைப்படி மனு எழுதினேன்: பொருள், பார்வை, நான் அனுப்பிய மூலம் இணைப்பு ஒன்று, அச்சானது இணைப்பு இரண்டு, மீறப்பட்ட விதி, வேண்டப்படும் நிவாரணம். 'தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது' என்று இயந்திரம் ஒன்று உடனே பதில் போட்டது. மனிதர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மாலையில் தியேட்டருக்குப் போனேன். மேலாளர் எனக்குப் பழக்கம். நல்ல உயரம், சந்தனப் பொட்டு, கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் கடை வைத்திருந்த குடும்பம். சினிமா மீது வந்த ஆசையில் கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவர். பெரிய திரை ஒன்று, சின்னத் திரை ஒன்று. சின்னத் திரையில்தான் நம் படம்.

"வாங்க ஆபீசர்! ரெண்டரைய வச்சு என் தலையில அடிச்சுட்டு இப்ப எங்கன வந்திய?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார், அவ்வளவு சிரிக்க அதில் ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, ஒரு வாரம் கூடுதலா ஓட்ட முடியுமா?" என்றேன்.

"சார், ஸ்டாரைப் பாத்து இந்த ஊருல எவன் படத்துக்கு வாரான்? போஸ்டரப் பாத்து வாரான், ஏசிக்கு வாரான், வீட்டுல சண்டைன்னா வாரான். எனக்கு உங்க ஸ்டாரு வேண்டாம். ஆனா மதுரையில விநியோகஸ்தர் இருக்காரு பாருங்க, அவரு படமே பாக்க மாட்டாரு. பேப்பரத்தான் பாப்பாரு. செவ்வாக்கிழம உக்காந்து எந்தப் படத்த எடுக்கணும், எத வைக்கணும்னு முடிவு பண்ணுவாரு. ரெண்டரையப் பாத்தா தூக்குங்கம்பாரு. நான் மாட்டேன்னு சொல்ல முடியாது."

"நாலைப் பார்த்தால்?"

"எங்க பாக்க? எதுல பாக்க? நீங்க வாயால சொல்லுதத நான் அவருக்கு எப்பிடிக் காட்ட? அச்சுல காட்டுங்க சார். செவ்வாக்கிழமைக்குள்ள அச்சுல காட்டுங்க. சின்னத் திரையில பகல் காட்சி ஒண்ணு, ஒரே ஒரு காட்சி, நான் வாங்கித் தாரேன். எனக்கும் அந்தப் படம் புடிச்சிருக்கு; இத வெளிய சொல்லிராதிய, நான் வியாபாரி."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நெறிமுறையை மறுபடி படித்தேன். விதிகளைப் படிப்பவர்களை மக்கள் கேலி செய்கிறார்கள். விதி எதைத் தடுக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும் நாங்கள் படிப்பதில்லை. அது எதைத் தடுக்க மறந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகவும்தான். அச்சான விமர்சனத்தின் நட்சத்திரத்தை மாற்றத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் எங்கள் நாளிதழில் தினமும் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வரும்: எந்தத் தியேட்டரில் என்ன படம், எத்தனை மணிக்கு, பக்கத்தில் நட்சத்திரம். அந்தக் கட்டம் விமர்சனம் அல்ல, தகவல். பதினொன்றாவது விதி அதைப் பற்றிச் சொல்வது இதுதான்: "தகவல் கட்டம் உள்ளூர் விமர்சகர் தரும் விவரப்படி உதவி ஆசிரியரால் தினமும் புதுப்பிக்கப்படும்." யார் அனுமதியும் தேவையில்லை. விமர்சகர் தர வேண்டும், உதவி ஆசிரியர் போட வேண்டும்.

மறுபடி மதுரைக்கு அழைத்தேன். உதவி ஆசிரியையிடம் பதினொன்றாவது விதியை வாசித்துக் காட்டினேன்.

"சார், விமர்சனத்துல ரெண்டரை, கட்டத்துல நாலுன்னு இருந்தா எங்க பேப்பரே எங்க பேப்பரோட சண்டை போடற மாதிரி இருக்குமே."

"விதி மீறல் எதுவும் இல்லை. நான் விவரம் தருகிறேன். தராவிட்டால்தான் நான் தவறியவன்."

"யாராவது கேட்டா?"

"பதினொன்று என்று சொல்லுங்கள். யாரும் படித்திருக்க மாட்டார்கள். படித்துப் பார்த்தால் சரியாக இருக்கும்."

"அந்தப் படத்தை நான் இங்க பார்த்தேன் சார்" என்றார். "எங்க அப்பா லாரி டிரைவர். அவரும் அழுது நான் பார்த்ததில்லை." கட்டத்தில் நாலு போடுவது அவருடைய வேலைக்கு எவ்வளவு ஆபத்து என்பது எனக்குத் தெரியும். விதி பக்கம் இருந்தாலும் மேலதிகாரி பக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். அவருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலை கட்டத்தில் நாலு நட்சத்திரம் இருந்தது. நான் நேரில் பார்த்திராத ஒருவருக்கு என் வாழ்நாளில் இவ்வளவு நன்றிக்கடன் பட்டது அந்த ஒருமுறைதான்.

மேலாளர் அந்தக் கட்டத்தை மட்டும் படமெடுத்து, மற்ற பக்கத்தைக் காட்டாமல், விநியோகஸ்தருக்கு அனுப்பிவிட்டார். செவ்வாய் மாலை எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "ஆபீசர், ஒரு காட்சி. பகல் ரெண்டே கால். அடுத்த வியாழன் வரைக்கும். அதுக்கு மேல அந்தோணியார் வந்து கேட்டாலும் கிடையாது."

வெள்ளி முதல் படம் இரண்டாவது வாரம் ஓடியது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்கு. சின்னத் திரையில் பகலில் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். அதில் எத்தனை பேர் ஏசிக்காக என்று மேலாளருக்குத்தான் தெரியும். படகு வரவில்லை.

சனி, ஞாயிறு போனது. மீன்காரி தெருவுக்கு வந்தாள். மீனை விற்றாள், போனாள். திங்கட்கிழமை கரை திரும்பிய வேறு படகுக்காரர்கள், அவள் கணவரின் படகைக் கடலில் பார்த்ததாகவும், வலையில் நல்ல பாடு, மீன் நிறைய விழுந்துகொண்டிருக்கிறது, ஐஸ் தீரும்வரை திரும்ப மாட்டார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். நல்ல செய்திக்கு அவள் முகம் வாடிப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

"மீன் கிடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்ட மொத மீன்காரி நானாத்தான் இருப்பேன்க்கா" என்றாள். "மாதா மன்னிக்கட்டும்."

செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை விடிந்தபோது வந்துவிட்டது. ஐஸ் தீர்ந்துவிட்டது. மாதா அவள் வேண்டுதலைக் கேட்கவில்லை, நல்ல பாடும் கிடைத்து, நேரத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். மீனை இறக்கி, ஏலம் போட்டு, அன்று முழுவதும் தூங்கி, வியாழன் பகல் கடைசிக் காட்சிக்கு வந்தார்கள்.

நானும் என் மனைவியும் போயிருந்தோம். விமர்சகர் ஒரே படத்தை இரண்டாம் முறை பார்க்கத் தடையேதும் நெறிமுறையில் இல்லை. வேன் ஒன்றில் வந்து இறங்கினார்கள். ஆண்கள் எல்லாரும் கிறிஸ்துமஸுக்குத் தைத்த சட்டை. வெயிலில் கறுத்த முகங்கள், அதில் புதிதாகச் சிரைத்த தாடை மட்டும் வேறு நிறம். மேலாளர் வாசலிலேயே நின்று, "வாங்க ஹீரோ, வாங்க" என்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். கதாநாயகர்களைப் பார்த்துப் பழகாத டிரைவர் தனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தார்.

படம் தொடங்கியதும் சத்தம் தாங்கவில்லை. விமர்சனம் என்றால் என்ன என்பதை நான் அன்றுதான் காதால் கேட்டேன்.

"ஏலே, நங்கூரத்த அங்கன போட்டா படகு பாறையில உக்காரும்லே. யாருலே இத எடுத்தது?"

"நீதாம்லே போட்ட!"

"டைரக்டர் போடச் சொன்னாரு, போட்டேன்."

"இந்தா நம்ம சின்னவன் பாரு, நடக்கச் சொன்னா மாப்பிள்ள மாதிரி நடக்கான்."

இடைவேளையில் யாரும் வெளியே போகவில்லை; போனால் இடம் போய்விடும் என்று பயம். பாட்டு வந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பிறகு அந்த வலைக் காட்சி வந்தது. பேச்சு நின்றது. திரையில் டிரைவர் குனிந்து உட்கார்ந்து, முகத்தைக் கைகளால் மூடாமல், அப்படியே அழுதார். நான் எதிரே திரையைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசை முன்னால் இருந்தவர்களைப் பார்த்தேன். டிரைவர் அசையாமல் இருந்தார். அவர் மனைவி திரையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்சி முடியும் நேரத்தில் அவர் கையை நீட்டினார். அவள் முந்தானையைக் கொடுத்தாள். அவர் அதில் முகம் துடைத்தார். அவ்வளவுதான். முந்தானையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டே மீதிப் படத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மீன்காரி அவரை என்னிடம் கூட்டிவந்தாள். "இவியதான் அந்த பேப்பர்க்காரவுக. நாலு போட்டது இவியதான்."

டிரைவர் என்னைக் கும்பிட்டார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"சார், நாலு போட்டியளாம். ரொம்ப சந்தோசம். ஒண்ணு எதுக்குக் கொறைச்சிய?"

"இரண்டாம் பாதியில் அந்தப் பாட்டு தேவையில்லை. கதையின் ஓட்டம் கெடுகிறது."

அவர் யோசித்துத் தலையாட்டினார். "சரிதான். அந்தப் பாட்டுல நான் இல்ல. அதான் நல்லா இல்ல." பிறகு என் மனைவியைப் பார்த்து, "நீங்க எத்தன போட்டிய மதினி?" என்றார்.

"நான் ஸ்டாரெல்லாம் போடுததில்ல தம்பி" என்றாள் அவள். "ரெண்டு நாள் சோறு எறங்கல. அவ்வளவுதான்."

"அது போதும்" என்றார் அவர்.

மறுநாள் அந்தச் சின்னத் திரையில் வேறு படம் வந்தது. நான் அதற்கு என்ன போட்டேன் என்பது நினைவில்லை. மூன்றாக இருக்கலாம், பெரிய நடிகர்.

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வராதது எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. நினைவூட்டல் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதிப் பாதியில்தான் ஒன்று உறைத்தது. அவர்கள் விதிப்படி உடனே என் மனுவை எடுத்துக்கொண்டிருந்தால், அது முடிவாகும்வரை எதையும் மாற்றக் கூடாது என்று மதுரைக்குத் தகவல் போயிருக்கும். கட்டத்தில் நாலு வந்திருக்காது. பகல் இரண்டே கால் காட்சி இருந்திருக்காது. அந்த உதவி ஆசிரியையிடம் விளக்கம் கேட்டிருப்பார்கள். என் மனுவை யாரும் படிக்காமல் வைத்திருந்ததுதான் எங்களுக்கு அவர்கள் செய்த பெரிய உபகாரம். அரசாங்கத்தில் இருந்த காலமெல்லாம் தாமதத்தைத் திட்டியவன், முதல்முறையாக ஒரு தாமதத்துக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. நினைவூட்டலை அழித்துவிட்டேன்.

பிறகு பதில் வந்தது. தங்கள் கடிதம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. படம் தற்போது எந்த அரங்கிலும் ஓடவில்லை என்பதால் திருத்தம் வெளியிட வேண்டிய அவசியம் எழவில்லை. நெறிமுறைகளின்பால் தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி. கீழே ஒரு கையெழுத்து, பெயர் படிக்க முடியவில்லை. எந்த ஓட்டையும் இல்லாத பதில். நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

அப்போது மீன்காரியின் கணவர் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடலுக்குப் போக முடியாத நாட்களில் அவள் பெட்டியை அவர் தூக்கி வருவது வழக்கமாம். இரண்டு பேரும் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, தடையில்லாத நாட்டுப்படகில் வந்த விளமீனுக்கு என் மனைவியோடு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பதிலை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு எத்தன ஸ்டார் சார்?" என்றார்.

இது நடந்தது, எல்லா விசைப்படகுகளும் கரையேறி, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று, ஏப்ரல் பதினைந்து.